டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களில் சில மட்டும் ஏன் வேறு உலகத்தைச் சேர்ந்தவை போல இருக்கின்றன?

கேள்வி: மாடிவீட்டுப்பூனை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுடன் சேர்ந்து டாம் அண்ட் ஜெர்ரியின் பழைய குறும்படங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்துவருகிறேன். சிறுவயதில் கவனிக்காத ஒன்று இப்போது உறுத்துகிறது. பெரும்பாலான படங்களில் டாமின் உடலுக்கு ஓர் எடை இருக்கிறது. சுவரில் மோதினால் அந்த மோதல் நமக்கே வலிப்பதுபோல இருக்கிறது. வேறு சிலவற்றில் ஒலிகள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலிக்கின்றன, அசைவுகள் வெட்டிவெட்டி வருகின்றன, எஜமானராக வரும் ஒரு பருத்த மனிதர் டாமைப் படுத்தும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பதற்குப் பதிலாகச் சங்கடமே மிஞ்சுகிறது. இன்னும் சில படங்களில் டாமுக்கு அடர்ந்த புருவங்கள் முளைத்துவிட்டன. ஜெர்ரியோ பெரிய கண்களும் அகன்ற காதுகளுமாக மிக அழகாக மாறிவிட்டது. இவை வெவ்வேறு கைகளில் உருவானவையா? அப்படியென்றால், வேறுபாட்டுக்கு ஓவியம் மட்டும்தான் காரணமா?

பதில்: பழையசுருள்

வெவ்வேறு கைகள்தாம். திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்ட குறும்படங்களை மூன்று காலகட்டங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, ஹாலிவுட் படநிறுவனமான எம்ஜிஎம்மின் கார்ட்டூன் பிரிவில் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை வெளியிட்ட 114 படங்கள். 1940 பிப்ரவரியில் வந்த முதல் படமான ‘புஸ் கெட்ஸ் தி பூட்’டில் பூனையின் பெயர் ஜாஸ்பர், எலிக்குப் படத்தில் பெயரே சொல்லப்படவில்லை. அப்படம் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிறகுதான் ஒரு தொடராக வளர்ந்தது. பின்னர் இந்தத் தொடருக்கு ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. கதையையும் குறும்புகளையும் வரைந்து காட்டுவது பார்பெராவின் வேலை. ஒவ்வோர் அசைவும் எத்தனை பிரேம்கள் நீடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஹன்னாவின் வேலை. டாமின் அந்தப் புகழ்பெற்ற அலறல்கூட ஹன்னாவின் குரல்தான்.

பழைய படங்களை மறுவெளியீடு செய்தாலே புதிய படத்துக்கு இணையான வருமானம் வந்துவிடுகிறது என்று கணக்குப் பார்த்த எம்ஜிஎம், 1957-இல் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது; ஏற்கெனவே எடுத்துமுடித்த படங்கள் மட்டும் 1958 வரை வெளிவந்தன. நீங்கள் சொல்லும் எதிரொலிப் படங்கள் அதன் பின் 1961, 1962 ஆண்டுகளில் அமெரிக்க இயக்குநர் ஜீன் டைச் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரில் எடுத்த 13 படங்கள். புருவப் படங்கள், 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் பொறுப்பில் வந்த 34 படங்கள். தொடக்கத்தில் எம்ஜிஎம் சிங்கம் இருக்க வேண்டிய வளையத்துக்குள் டாம் வந்து கத்தினால், அது ஜோன்ஸ் காலத்துப் படம் என்று உடனே கண்டுகொள்ளலாம்.

பதில்: தாளக்கட்டு

ஓவியத்தைவிட இசைதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. ஹன்னா - பார்பெரா படங்களுக்கு இசையமைத்தவர் ஸ்காட் பிராட்லி. ஏறத்தாழ வசனமே இல்லாத படங்கள் இவை என்பதால், பூனை பதுங்குவதையும் எலி நக்கலடிப்பதையும் சொல்லும் பொறுப்பு முழுவதும் இசைக்குழுவின் மேல் விழுந்தது. ஹன்னா அசைவுகளின் கால அளவைத் தாளக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவைப்பார். அந்தக் கணக்கின்மேல் பிராட்லி இசையைக் கட்டுவார். ஆகவே அடி விழும் இடம், இசையில் ஏற்கெனவே காத்திருக்கும் இடம். நம் ஊரில் ஜதிக்கு அடி வைத்து ஆடுபவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1947-இல் ஆஸ்கர் பெற்ற ‘தி கேட் கான்செர்டோ’வில் டாம் மேடையில் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ‘இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி’ என்ற பியானோ படைப்பை வாசிக்க, பியானோவுக்குள் உறங்கும் ஜெர்ரி விழித்துக்கொண்டு வம்பிழுக்கிறது. அதில் குறும்பு ஒவ்வொன்றும் அந்த இசையின் ஒரு வரியிலிருந்தே பிறக்கிறது. பிராட்லி ஜாஸ், மேற்கத்தியச் செவ்வியல் இரண்டையும் கலந்ததோடு, 1944-இல் வந்த ‘புட்டிங் ஆன் தி டாக்’ படத்தில் பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும், இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையைக்கூடப் பயன்படுத்தினார். சிறுவர் படம் என்று நாம் நினைப்பதற்குள் அவ்வளவு துணிச்சல் ஒளிந்திருக்கிறது. டைச் படங்களில் இந்த இணைப்பு இல்லை. மின்னணு ஒலியும் எதிரொலியும் காட்சிக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. அதனால்தான் அடிக்கு எடை இல்லாமல் போகிறது.

பதில்: வால்டாவா

டைச் மீது எல்லாரும் கல்லெறிவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் திறமையற்றவர் அல்லர். பிராகாவில் எடுத்த ‘மன்ரோ’ படத்துக்காக ஆஸ்கர் வென்ற குழு அது. தயாரிப்பாளர் வில்லியம் ஸ்னைடர் வழியாக இந்த ஒப்பந்தம் வந்தபோது, அங்கிருந்த ஓவியர்கள் பழைய டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் மிகச் சிலவற்றையே பார்த்திருந்தார்கள். ஹாலிவுட்டில் செலவிட்டதில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்குக் கிடைத்தது. பனிப்போர்க் காலம் என்பதால் செக் கலைஞர்களின் பெயர்கள்கூட ஆங்கிலப் பெயர்கள்போல மாற்றப்பட்டுத்தான் திரையில் வந்தன. டைச்சுக்கே அந்தத் தொடரின் அடிதடியில் பெரிய விருப்பம் இருந்ததில்லை. விருப்பமில்லாதவரிடம், குறைந்த பணத்தில், பாதி தெரிந்த பாத்திரங்களைக் கொடுத்தால் விசித்திரமான ஒன்றுதான் வரும். அந்த விசித்திரத்தை, குறிப்பாக அந்த ஆளரவமற்ற பின்னணிகளை, நான் இன்று ரசிக்கிறேன். ஆயினும் பருத்த எஜமானர் வரும் காட்சிகளைக் குழந்தைகளுக்குக் காட்டத் தயங்குவேன்.

மாடிவீட்டுப்பூனை

விரிவான பதில்களுக்கு நன்றி. இன்னோர் ஐயம். ஹன்னா - பார்பெரா படங்களிலேயே 1955-க்குப் பிறகு வந்தவை சற்றுத் தட்டையாகத் தெரிகின்றனவே? ஜோன்ஸ் பெரிய கலைஞர் என்கிறார்கள். அவருடைய படங்களிலும் என் மகள் அதிகம் சிரிக்கவில்லை.

பதில்: பழையசுருள்

நீங்கள் பார்த்தது சரிதான். 1954 முதல் சில படங்கள் சினிமாஸ்கோப் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டன. பிறகு அதுவே வழக்கமாயிற்று. அகன்ற சட்டகத்தை நிரப்ப வேண்டிய கட்டாயமும் சுருங்கிய செலவும் சேர்ந்தபோது, நிழலும் பளபளப்பும் கொண்ட பழைய அறைகள் போய், தடித்த கோடுகளும் எளிய வண்ணப் பரப்புகளும் வந்தன.

ஜோன்ஸ் பற்றி: அவருடைய மேதைமை, ஓநாய் இன விலங்கான கொயோட்டி ரோட் ரன்னர் என்ற பறவையைத் துரத்தும் படங்களில் இருக்கிறது. அங்கே ஓநாய்க்கு உண்மையான எதிரி பறவை அன்று, தன்னுடைய பிடிவாதமும் தான் வாங்கிய பொறிகளும்தான். டாமுக்கு அப்படி இல்லை. எதிரே ஜெர்ரி என்ற ஒரு விஷமக்காரன் நிற்க வேண்டும், அவனும் அவ்வப்போது அடி வாங்க வேண்டும். ஜோன்ஸ் ஜெர்ரியைக் கொஞ்சத் தகுந்த பொம்மையாக்கியதும் அந்தச் சண்டையின் சமநிலை குலைந்துவிட்டது. முகபாவங்கள் அபாரம், துரத்தல்தான் சோர்ந்துபோயிற்று. உங்கள் மகளுக்கு 1943-இல் வந்த ‘தி யாங்கி டூடுல் மவுஸ்’, அடுத்த ஆண்டு வந்த ‘மவுஸ் டிரபிள்’ இரண்டையும் காட்டிப் பாருங்கள். இரண்டாவது படத்தில் எலி பிடிப்பது எப்படி என்று விளக்கும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து டாம் தோற்றுக்கொண்டே போவதற்கு எந்த மொழியும் தேவையில்லை.