டவர் ஹவுஸ்: கோபுர வீடா, அரண்மாடமா?

> டவர் ஹவுஸ் (tower house) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் கோபுர வீடு. சரிதானே?

வேண்டாம் ஐயா. கோபுரம் என்றதும் நமக்குக் கோயில் வாசல்தான் கண்முன் நிற்கும். அதில் யாரும் குடியிருப்பதில்லை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறங்களில் நிற்கும் இவையோ முழுக்க வீடுகள். அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். 1429இல், இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி காலத்தில், அயர்லாந்தின் டப்ளின், மீத், கில்டேர், லவுத் பகுதிகளில் இப்படிக் கட்டுவோருக்கு 10 பவுண்டு தருவதாக அறிவித்தார்கள். கேட்ட அளவு நீளம் 20 அடி, அகலம் 16 அடி, உயரம் 40 அடி. அயர்லாந்தின் கால்வே பக்கத்து அக்னனூர் கோட்டையில் ஆறு தளம்.

பழந்தமிழில் அடுக்குவீட்டுக்கு 'மாடம்' இருக்கிறது. 'எழுநிலை மாடம்' தெரிந்த வழக்கு. காவலுக்கு 'அரண்' சேர்த்தால் அரண்மாடம்.

> மாடம் என்றால் விளக்குமாடம் நினைவுக்கு வராதா? 'அரண்மனை'யே அரண் + மனைதானே?

அரண்மனை சொற்பொருளில் அச்சாகப் பொருந்தும். ஆனால் இன்று அது அரசன் வீடு. இங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் குறுநிலத் தலைவர்களும் நிலக்கிழார்களும். 'அரண்' முன்னால் நிற்பதால் மாடக்குழியோடு குழம்பாது.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். வாசலைத் தாண்டியதும் சின்ன நடை. அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு துளை, மேலிருந்து தாக்குவதற்கு: கொல்துளை. வாசலுக்கு நேர் மேலே முகட்டில் வெளியே துருத்தி, அடி திறந்திருப்பது எறிபரண். சுழற்படியில் வேண்டுமென்றே உயரம் மாற்றி வைத்ததாகச் சொல்லப்படும் படி இடறுபடி. படிகள் நடுத்தூணை ஒட்டிக் குறுகி ஒன்றுமில்லாமல் போகும். பார்க்கப் போகிறவர்கள் இறங்கும்போது வெளிச்சுவர்ப் பக்கம் கால் வைக்க வேண்டும். கயிறு கட்டியிருந்தால் அதை விடக்கூடாது. ஒருவர் அகலம்தான் என்பதால், ஆள் ஏறி வந்தால் தளத்திலேயே நின்றுவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது கல்வளைவுக் கூரையின் அடிப்பக்கம். மரச்சாரத்தின்மேல் பிரம்புபோல் முடைந்த தட்டியை விரித்து, சுண்ணச்சாந்து கொட்டிக் கல் அடுக்கியிருக்கிறார்கள். சாரத்தைப் பிரித்தபின் தட்டியின் பின்னல் சாந்தில் அப்படியே பதிந்து நிற்கிறது, கூடையைக் கவிழ்த்து உள்ளே பார்ப்பதுபோல. சில இடங்களில் குச்சிகூட ஒட்டியிருக்கும். இதை முடைதடம் என்கலாம்.

----

மறுமொழி: அரண்மாடத்துக்கு என் ஒப்புதல். கொல்துளையும் நன்று. சுற்றியுள்ள மதிலை அயர்லாந்தில் பான், ஸ்காட்லாந்தில் பார்ம்கின் என்பார்கள். நமக்குச் சுற்றுமதில் போதும், புதிதாக ஆக்க வேண்டாம். சுவரின் கனத்துக்குள்ளேயே குழாய்போல் இறங்கும் ஒதுக்கிடமும் வெறும் கழிவறைதான்.

விடுபட்டது ஒன்று: ஸ்காட்லாந்தின் 'யெட்'. மரக்கதவுக்குப் பின்னால் வரும் இரும்புக் கதவு. கதவை நான்காகப் பிரித்துப் பார்த்தால், இரண்டு பகுதிகளில் கிடைக்கம்பியைத் துளைத்து நெடுக்கம்பி போகும். மற்ற இரண்டில் நெடுக்கம்பியைத் துளைத்துக் கிடைக்கம்பி. அதனால் ஒரு கம்பியை மட்டும் உருவி எடுக்க முடியாது. 'கம்பிக்கதவு' என்றால் இந்த வேலைப்பாடு தெரியாமல் போகும். பின்னற்கதவு என்று வைக்கிறேன்.