மேனேஜர் மெயில்ல வரிக்கு வரி ‘டேக்’: என்னதான் சொல்றார்? உதவி தேவை

திருச்சிக்காரன் (கேள்வி)

வணக்கம் மக்களே. சர்வர் பேக்கப் பார்க்குற டீம்ல இருக்கேன். புது மேனேஜர் டல்லாஸ்ல உட்கார்ந்திருக்கார். ஆள் தங்கமானவர்தான், ஆனா மெயில் எழுதினா ‘டேக்’ இல்லாம ஒரு வரி வராது. பள்ளிக்கூடத்துல டேக்னா ‘எடு’ன்னு படிச்சதோட சரி. மீட்டிங் முடிஞ்சதும் வந்த மெயில்ல இருந்து அப்படியே போடுறேன்:

‘ஐ டேக் இட் யூ ஹேவ் ஸ்போக்கன் டு த ஸ்டோரேஜ் டீம்.’
‘லெட்ஸ் டேக் த பேக்கப் இஷ்யூ ஆஃப்லைன்.’
‘கேன் யூ டேக் எ ஸ்டேப் அட் த ரிப்போர்ட்?’
‘டேக் த காஸ்ட் அப் வித் ஃபைனான்ஸ், அண்ட் வீ வில் டேக் இட் ஃப்ரம் தேர்.’
‘வாட்ஸ் யுவர் டேக்?’

ரெண்டாவது வரிதான் வயித்தைக் கலக்குது. எங்க வேலையில ஆஃப்லைன்னா மெஷினை நிறுத்துறது. ராத்திரி பேக்கப் ஓடுறதை நிறுத்தச் சொல்றாரா? மூணாவதுல ஸ்டேப்னா கத்திக்குத்துன்னு டிக்ஷனரி சொல்லுது. ரிப்போர்ட்டை எதுக்குக் குத்தணும்? காலையில பதில் போட்டாகணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட்ஷிப்ட் நந்தினி

முதல்ல மெஷின்ல கை வைக்காதீங்க!

மீட்டிங்ல ‘டேக் திஸ் ஆஃப்லைன்’னா, இத்தனை பேரை உட்கார வெச்சு இதைப் பேசவேணாம், சம்பந்தப்பட்டவங்க மட்டும் அப்புறமா தனியா பேசிக்கலாம்னு அர்த்தம். உங்க பயமும் நியாயம்தான், ஏன்னா இதே வாக்கியம் நிஜமாவே நிறுத்தச் சொல்லவும் வரும். டேக்குக்கும் ஆஃப்லைனுக்கும் நடுவுல என்ன நிக்குதுன்னு பாருங்க. இஷ்யூ, டிஸ்கஷன், திஸ்னு இருந்தா பேச்சைத் தள்ளி வைக்குறாங்க. சர்வர் பேர், மெஷின் பேர் இருந்தா நிறுத்தச் சொல்றாங்க. நடுவுல வெறும் ‘இட்’ மட்டும் இருந்தா கேட்டுட்டு செய்யுங்க, அதுல வெட்கப்பட எதுவும் இல்லை.

‘ஐ டேக் இட்’ இதைவிட ஆபத்தானது. ‘நீ பேசிட்டேன்னு எடுத்துக்குறேன், சரிதானே?’ங்கறார். கேள்விக்குறி இருக்காது, ஆனா அது கேள்விதான். ஸ்டோரேஜ் டீம்கிட்ட இன்னும் பேசலைன்னா உடனே ‘நாட் யெட்’னு பதில் போடுங்க. பதில் போடாம இருந்தா பேசி முடிச்சதாதான் கணக்கு, அடுத்த மீட்டிங்ல அதுக்கு மேல கேள்வி வரும்.

டேக் எ ஸ்டேப் அட்: சரியா வருதோ இல்லையோ, ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருன்னு. முதல் வரைவு போதும், பக்காவா எதிர்பார்க்கலை. அதனால மூணு நாள் மெருகேத்திட்டு இருக்காதீங்க.

டேக் அப் வித்: விஷயத்தை அவங்ககிட்ட கொண்டுபோய் பேசு. இங்க சாதாரணமாத்தான் சொல்லியிருக்கார். ஆனா யாராவது கடுப்பா ‘டேக் இட் அப் வித் ஹெச்ஆர்’னு சொன்னா, என்கிட்ட வந்து புலம்பாதேன்னு கதவைச் சாத்துறாங்க. டேக் இட் ஃப்ரம் தேர்னா, அவங்க என்ன சொல்றாங்களோ அதை வெச்சு மேற்கொண்டு பார்ப்போம்.

யுவர் டேக்: நீ என்ன நினைக்குற, அவ்வளவுதான்.

கோடம்பாக்கத்தான்

எங்களுக்கு டேக்னா ரெண்டே ரெண்டு முடிவுதான். ஓகே, இல்லைன்னா ஒன் மோர். இவ்வளவு இருக்கா இதுக்குள்ள!

திருச்சிக்காரன்

நந்தினி மேடம், பெரிய உபகாரம். ஸ்டோரேஜ் டீம்கிட்ட இன்னும் பேசலை. இப்பவே ‘நாட் யெட்’ போட்டுடுறேன்.

ஆனா இதை எப்படித்தான் படிக்கறது? டேக் ஆஃப், டேக் இன், டேக் ஆன், டேக் ஓவர்னு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணிப் பார்த்தேன். காலையில படிச்சது சாயங்காலம் நிக்க மாட்டேங்குது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, ‘எடு’ என்று படித்ததில் தப்பில்லை. நம் ‘எடு’ மட்டும் என்ன ஒரே அர்த்தத்திலா நிற்கிறது? லீவு எடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம், பசி எடுக்கிறது, பேன் எடுக்கிறோம், பாடகர் சுருதி எடுக்கிறார். யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. கூட வரும் சொல்லோடு சேர்த்தே காதில் விழுந்தது. டேக்கும் அப்படித்தான். டேக் எ லுக், டேக் எ வாக், டேக் எ நாப் என்பதில் பார், நட, தூங்கு என்ற வேலை முழுவதும் பின்னால் வரும் சொல்லில் இருக்கிறது. டேக் வெறுமனே காலம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் ‘டேக்’ என்று தனியாக நோட்டில் எழுதாதீர்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள், அதுவும் உங்கள் மேனேஜர் எழுதிய வாக்கியமாகவே.

நம்மவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். தமிழில் ‘எடு’ வருகிற இடத்திலெல்லாம் டேக் போட்டுவிடுகிறோம். முக்கியமாக வகுப்பு. நாற்பது வயது ஆசிரியர் ‘ஐ டேக் கிளாசஸ்’ என்று அமெரிக்கரிடம் சொன்னால், பாவம், இந்த வயதிலும் படிக்கிறார் என்றுதான் அவர் நினைப்பார். அங்கே மாணவன்தான் கிளாஸ் டேக் பண்ணுகிறான். ஆசிரியர் டீச் பண்ணுகிறார். ‘ஜூனியர்களுக்கு கிளாஸ் எடுத்தேன்’ என்று பயோடேட்டாவில் எழுதுபவர்கள் ‘டாட்’ (டீச்சின் இறந்தகாலம்) என்று மாற்றிக்கொள்ளுங்கள். அர்த்தமே தலைகீழாகிற இடம் இது.

மற்றவை அவ்வளவு மோசமில்லை. ‘டேக் யுவர் லஞ்ச்’ என்றால் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போ என்பதுபோல் விழும், ‘ஹேவ்’ போடுங்கள். பிரிண்ட்அவுட் எடுப்பதற்கு வெறும் ‘பிரிண்ட்’ போதும். மாத்திரைக்கு மட்டும் நாம் சாப்பிடு, போடு என்போம். அங்கே அது டேக்தான், ‘ஈட்’ வரவே கூடாது. டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வீர்களா என்பதற்கும் ‘டூ யூ டேக் சுகர்’ சரி. குளியலுக்கு அமெரிக்கர் டேக் என்பார், பிரிட்டிஷ்காரர் ஹேவ் என்பார், இரண்டுமே தொட்டியில் உட்கார்ந்து குளிப்பது. வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வதற்கு அவர்களிடம் பழக்கமே இல்லாததால் சொல்லும் சரியாக அமையாது. வியாபாரப் பக்கத்தில் ஒரு கம்பெனி ‘டுக் எ பாத்’ என்று படித்தால் குளித்தது என்று நினைக்காதீர்கள், பெரிய நஷ்டப்பட்டது.

வேலைக்கு உதவாத ஒரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. டேக் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை இல்லை. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு ‘நிமன்’ என்றுதான் சொன்னார்கள். ஜெர்மனியில் இன்றும் ‘நேமன்’. 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் ‘டாகா’ வந்து, மெல்ல மெல்ல நிமனை வெளியே தள்ளிவிட்டது. பல் டாக்டர் ஊசி போட்டதும் மரத்துப்போகிறதே, அந்த ‘நம்ப்’ நிமனின் மிச்சம். உணர்வு எடுக்கப்பட்டது என்று பொருள்.

சிவப்பு மை

வாத்தியார் ஐயா, முக்கியமானதை விட்டுட்டீங்க. ‘டேக் எ டெசிஷன்’! நம்ம ஊர் மெயில் எல்லாத்துலயும் இது இருக்கு. சுத்தத் தப்பு. ‘மேக்’தான் வரணும். எடிட்டிங் வேலையில இதைப் பார்த்தாலே அடிச்சுடுவோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அமெரிக்க வாசகருக்கு என்றால் அடியுங்கள், ஆட்சேபம் இல்லை. சுத்தத் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரிட்டனில் ‘டேக் எ டெசிஷன்’ சர்வ சாதாரணம். அவர்கள் அகராதியிலேயே இருக்கிறது. நமக்கு வந்ததே அங்கிருந்துதான். முடிவு ‘எடுப்பது’ நமக்கும் பழக்கமானதால் இங்கே இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

சிவப்பு மை

சரி, டல்லாஸுக்குப் போற மெயில்ல மட்டும் மேக். ஒத்துக்குறேன், அரை மனசா.

ஸ்காபரோ அண்ணா

தம்பிமாரே, நான் டொரண்டோவில இருந்து எழுதுறன். சோதினை விசயம் ஒருத்தரும் கதைக்கேல்லையே? நாங்கள் ஊரில, இலங்கையில, ‘சோதினை எடுக்கிறது’ எண்டுதான் சொல்லுறது, ஏ.எல். (பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை) எடுத்தனான் எண்டு. அதால ‘டேக் த எக்ஸாம்’ எங்களுக்கு லேசா வந்திட்டுது. தமிழ்நாட்டுப் பெடியள் இஞ்ச வந்து ‘ரைட் த எக்ஸாம்’ எண்டால், பரீட்சை எழுதுறதை அப்பிடியே மாத்திச் சொல்லுறாங்கள் எண்டு நான் சிரிச்சனான். பிறகு பாத்தால் இஞ்சத்தைய வெள்ளைக்காரரும் அப்பிடித்தான் சொல்லுகினம்! கனடாவில ‘ரைட்’ எண்டாலும் பிழையில்லை. எல்லைக்கு அங்கால அமெரிக்காவில சொன்னால், கேள்வித்தாள் தயாரிக்கிற ஆள் எண்டு விளங்கிக்கொள்ளுவினம். அங்க டேக் எண்டு சொல்லுங்கோ. இங்கிலாந்தில ‘சிட்’ எண்டும் சொல்லுவினம்.

இன்னொண்டு. சாப்பாடு கட்டிக்கொண்டு போறதுக்கு இஞ்ச டேக்அவுட், லண்டனில டேக்அவே. ‘பார்சல்’ எண்டு கேட்டால் தபால் பொதி எண்டு நினைப்பினம். ஆனால் ஒஃபீசில ‘டேக்அவேஸ்’ எண்டு வந்தால் சாப்பாடு எண்டு ஓடாதேங்கோ, கூட்டத்தில இருந்து மனசில வச்சுக்கொள்ள வேண்டிய முக்கிய விசயங்கள்.

தையல்கடை அக்கா

எனக்கு ரெண்டு டேக் மட்டும் நல்லாத் தெரியும். என் கஸ்டமர் ஒருத்தங்க வெளிநாட்டுக்காரங்க. பிளவுஸ் லூசா இருக்கு, பக்கத்துல பிடிச்சுக் கொடுன்னா ‘டேக் இட் இன்’. பாவாடை நீளம், கீழ மடிச்சு அடின்னா ‘டேக் இட் அப்’. மெயில்ல வர்ற டேக் அப் வேற போல!

நைட்ஷிப்ட் நந்தினி

அக்கா சொன்னது சூப்பர். திருச்சிக்காரரே, லிஸ்ட் போடுறதுக்குப் பதிலா இப்படிப் படிங்க. ‘இன்’னா உள்ள. துணியை உள்ள வாங்கினா டேக் இன். தெருநாயை வீட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டாலும் டேக் இன். சொன்ன விஷயம் மண்டைக்குள்ள ஏறினாலும் அதேதான். ‘ஐ வாஸ் டேக்கன் இன்’னு யாராவது சொன்னா மட்டும் ஏமாந்துட்டாங்கன்னு அர்த்தம்.

‘ஆன்’னா தலை மேல ஏத்திக்குறது. புது வேலையை ஒத்துக்கிட்டாலும், புது ஆளைச் சேர்த்தாலும், பெரிய எதிரியோட மோதினாலும் டேக் ஆன். ஓவர்னா கை மாறுது: ஷிஃப்ட், கம்பெனி, ஸ்டியரிங். ஆஃப்னா விட்டு விலகுது: சட்டை உடம்பை விட்டு, பிளேன் தரையை விட்டு, நீங்க ஆபீஸை விட்டு. ‘ஐம் டேக்கிங் ஃப்ரைடே ஆஃப்’னா வெள்ளிக்கிழமை லீவு.

எல்லாத்துக்கும் இந்தக் கணக்கு உதவாது. டேக் ஆஃப்டர்னா ஜாடையோ குணமோ அப்பா அம்மாவை உரிச்சு வெச்சிருக்கறது. அதுல ஆஃப்டர் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சா தூக்கம்தான் போகும். அது மாதிரி கொஞ்சத்தை அப்படியே ஏத்துக்கணும்.

நேரம் பத்தியும் ஒண்ணு. ‘எவ்வளவு நேரம் ஆகும்?’னு கேக்க ‘ஹவ் லாங் வில் இட் டேக்?’. அதுல ‘இட்’டை எடுத்துட்டு ‘யூ’ போட்டா, நீ எவ்வளவு நேரம் எடுத்துக்குவன்னு ஆளைக் குத்துற மாதிரி ஆயிடும். கிளையன்ட்கிட்ட எப்பவும் ‘இட்’.

திருச்சிக்காரன்

இப்பதான் வெளிச்சம் தெரியுது. பதில் எழுதிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி பாருங்க:

‘நாட் யெட், ஐ வில் ஸ்பீக் டு ஸ்டோரேஜ் டுடே. ஐ வில் டேக் எ ஃபாலோ அப் வித் ஃபைனான்ஸ். ப்ளீஸ் டேக் எ டெசிஷன் ஆன் த ரிடென்ஷன் பீரியட். ரிப்போர்ட், ஐ வில் டேக் கேர்.’

சிவப்பு மை

டெசிஷன்! இவ்வளவு சண்டை போட்டும்!

நைட்ஷிப்ட் நந்தினி

அது மேக். ‘டேக் எ ஃபாலோ அப்’ நம்ம ஊர் ஆபீஸ்ல மட்டும் ஓடுற வண்டி, வெறும் ‘ஐ வில் ஃபாலோ அப் வித் ஃபைனான்ஸ்’ போதும்.

கடைசி வரிதான் பெரிய சிக்கல். ‘ஐ வில் டேக் கேர்’ங்கறதோட நிறுத்தினா, நான் ஜாக்கிரதையா இருந்துக்குறேன்னு ஆயிடும். ‘டேக் கேர்’ வழியனுப்புறப்ப சொல்றது. பொறுப்பு ஏத்துக்குறதுக்கு ‘ஆஃப்’ கட்டாயம் வேணும்: ‘ஐ வில் டேக் கேர் ஆஃப் த ரிப்போர்ட்.’ ஆனா அதையும் யோசிச்சுப் போடுங்க. அப்படிச் சொன்னா முடிச்சுக் கொடுப்பேன்னு வாக்குக் கொடுத்த மாதிரி. அவர் கேட்டது முதல் வரைவுதானே? ‘ஐ வில் டேக் எ ஸ்டேப் அட் இட் பை தர்ஸ்டே’ன்னு அவர் வார்த்தையையே திருப்பிக் கொடுங்க.

திருச்சிக்காரன்

மூணு வரியையும் மாத்தி அனுப்பியாச்சு. ‘சவுண்ட்ஸ் குட்’னு பதில் வந்துடுச்சு. பேக்கப்பும் ஓடிட்டு இருக்கு. இழையை மூடிக்கலாம், நன்றி எல்லாருக்கும்.