சேப்பாக்கத்தில் பார்த்ததும் மறுநாள் தாளில் படித்ததும்

பாரதி சாலை வாசகர் (கேள்வி):

2024 ஜூன் 28 அன்று என் மகளுக்குப் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, அவளைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றேன். தென்னாப்பிரிக்க மகளிர் அணியுடன் நடந்த டெஸ்டின் முதல் நாள் அது. ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292 ரன் சேர்த்தார்கள். ஸ்மிருதி 149 ரன்னும், ஷஃபாலி 197 பந்துகளில் 205 ரன்னும் எடுத்தார்கள். அன்றைய ஆட்டம் முடிந்தபோது இந்தியா 4 விக்கெட்டுக்கு 525. ஆடவர் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், டெஸ்டில் ஒரே நாளில் எந்த அணியும் அதற்கு முன் அவ்வளவு ரன் எடுத்ததில்லை.

மறுநாள் காலை அவள் கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். பார்த்த ஆட்டங்களின் செய்தியை வெட்டி ஒட்டுவதற்கென்றே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். விளையாட்டுப் பக்கத்தின் பெரும்பகுதி, அன்றிரவு பார்படாஸில் நடக்கவிருந்த டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்குப் போய்விட்டிருந்தது. மழை வருமா, கோலி எந்த இடத்தில் இறங்குவார் என்று நடக்காத ஆட்டத்தைப் பற்றி அத்தனை பத்திகள். அவள் கண்ணால் பார்த்த ஆட்டம் கீழ் மூலையில், படமில்லாமல், உள்ளங்கையளவு இடத்தில் இருந்தது. வெட்டி எடுத்துத் திருப்பிப் பார்த்தவள், "அப்பா, பின்பக்கம் இருக்கிற ஃபேன் விளம்பரம்தான் முழுசா வந்திருக்கு" என்றாள்.

அந்தத் தாளில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் நம் ஆடவர் அணி தென்னாப்பிரிக்காவுடன் ஆடிய கேப்டவுன் டெஸ்டும் நினைவுக்கு வந்தது. சிராஜ் 15 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்ததை எங்கள் வீட்டுத் தாள் கொட்டை எழுத்தில் போட்டது. அன்றைக்கே இந்தியா 153 ரன்னில் நின்றபடி, ஒரு ரன்கூடச் சேர்க்காமல் பதினொரே பந்துகளில் கடைசி ஆறு விக்கெட்டுகளையும் இழந்தது. இது ஐந்தாம் பத்தியில்தான் வந்தது. 642 பந்துகளில் முடிந்த அந்த ஆட்டத்தின் ஆடுகளத்தைச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி 'திருப்தியற்றது' என்றது. 2021இல் இங்கிலாந்துடன் நடந்து 842 பந்துகளில் முடிந்த அகமதாபாத் ஆட்டத்தின் களத்தைச் 'சராசரி' என்றது. அப்போது இங்கிலாந்துக்காரர்கள் களத்தைத் திட்டினார்கள், நம்மவர்கள் அவர்களுடைய மட்டைத் திறனைக் கேலி செய்தார்கள். ஆடுகளம் யாருடையது என்பதைப் பார்த்துத்தான் அது நல்லதா கெட்டதா என்பதே எழுதப்படுகிறதா?

என் கேள்வி இதுதான். எதை முதல் வரியில் வைப்பது, எதை விடுவது என்பதை யார், எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறார்கள்? விடுபட்டதை என்னைப் போன்ற சாதாரண வாசகர் எப்படிக் கண்டுகொள்வது?


பழைய துணையாசிரியர்:

ஐயா, விளையாட்டுப் பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் தங்கள் மகளின் கத்தரிக்கோலுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

அந்தப் பக்கத்தை அமைத்தவருக்கு ஷஃபாலியின் மேல் எந்தக் காழ்ப்பும் இருந்திருக்காது. இந்தியா இறுதிக்கு வந்துவிட்டது என்று தெரிந்த உடனேயே, ஆசிரியர் கூட்டத்தில் பக்கத்தின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். சேப்பாக்கத்தில் முதல் பந்து வீசப்படும் முன்பே அது முடிந்துபோன காரியம். பிறகு விளம்பரத்துக்குப் போனது போக மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏஜென்சி செய்தி வரும். துணையாசிரியர் அதை மொழிபெயர்ப்பார். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவார். அடியிலிருந்து வெட்டுவது எங்கள் தொழிலின் அனிச்சைச் செயல். தாங்கள் சொல்லும் ஆறு விக்கெட் சங்கதி ஐந்தாம் பத்தியில் இருந்தும் பிழைத்ததே எனக்கு ஆச்சரியம். மகளிர் ஆட்டத்துக்கு இடம் கிடையாது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆடவர் ஆட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதுதான் எப்போதும் முதலில் பேசப்படும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படித்தான் பக்கம் போட்டேன்.

ஆனால் இடப் பற்றாக்குறையைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. கிரிக்கெட்டின் பெரிய அழுக்குகளை வெளியே கொண்டுவந்தவர்கள் யார் என்று பாருங்கள். 2000 ஏப்ரலில் சூதாட்ட விவகாரத்தில் தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹன்சி குரோனியேவை அம்பலப்படுத்தியது டெல்லி போலீஸ். 2013 மே மாதம் ஐபிஎல் சூதாட்டப் புகாரில் ஸ்ரீசாந்தையும் இரண்டு சக வீரர்களையும் கைது செய்ததும் அதே போலீஸ்தான். 2010இல் லார்ட்ஸில் பாகிஸ்தான் வீரர்கள் பணத்துக்காக வேண்டுமென்றே நோபால் வீசிய விவகாரத்தைப் பிடித்தது பொறி வைத்துச் செய்தி எடுக்கும் ஒரு லண்டன் வாரத் தாள். 2018இல் கேப்டவுனில் ஆஸ்திரேலியர்கள் பந்தைச் சுரண்ட வைத்திருந்த உப்புத்தாளைக் காட்டிக்கொடுத்தது தொலைக்காட்சிக் கேமரா. இத்தனை ஆண்டுகளும் வீரர்களுடன் ஒரே விமானத்தில் பறந்து, ஒரே ஓட்டலில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்ட கிரிக்கெட் நிருபர்களின் காதில் ஒன்றுமே விழவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. விதிவிலக்குகள் உண்டு. ஆஸ்திரேலிய வீரர்கள் மார்க் வாவும் ஷேன் வார்னும் சூதாட்டத் தரகரிடம் பணம் வாங்கியதற்காக ஆஸ்திரேலிய வாரியம் 1995இல் இரகசியமாக அபராதம் விதித்து மூடி வைத்திருந்ததை, 1998 டிசம்பரில் வெளியிட்டவர் மால்கம் கான் என்ற கிரிக்கெட் நிருபர்தான். அப்படிப்பட்டவர்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் கோழைத்தனம் மட்டும் அன்று. நிருபரின் பிழைப்பு வீரர் எடுக்கும் தொலைபேசி அழைப்பிலும், வாரியம் கொடுக்கும் அனுமதி அட்டையிலும் இருக்கிறது.

அட்டை மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 இங்கிலாந்துத் தொடர் ஒரு சான்று. கெட்டி இமேஜஸ் போன்ற புகைப்பட நிறுவனங்களுக்கு நம் வாரியம் அனுமதி மறுத்தது. அதைக் கண்டித்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி ஆகியவை தம் படங்களையும் நிறுத்திக்கொண்டன. வர்ணனையாளர் விஷயம் தங்களுக்கே தெரிந்திருக்கும். 2016இல் ஹர்ஷா போக்ளே ஐபிஎல் வர்ணனையிலிருந்து நீக்கப்பட்டபோது, காரணம் என்னவென்று தம்மிடம் யாரும் கூறவில்லை என்று அவரே எழுதினார். அதற்குப் பிறகு மைக்கைப் பிடிப்பவர் அணித்தேர்வைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசுவார்?

நம் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். வாரியத் தலைவராக இருந்தவரும், சென்னை ஐபிஎல் அணிக்கு உரிமையான நிறுவனத்தை நடத்தியவரும் என். சீனிவாசன் ஒருவரே. வாரிய நிர்வாகிகள் ஐபிஎல் அணி வைத்துக்கொள்ள வழிவிட்ட விதித்திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில், உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. அந்த நாள்களில் எங்கள் அலுவலகத்தில் வழக்குச் செய்திகளை நீதிமன்ற நிருபர் எழுதுவார், அவை முதல் பக்கத்துக்குப் போகும். விளையாட்டுப் பக்கத்தில் அதே அணியின் வலைப்பயிற்சியும் தோனியின் புன்னகையும் வரும். எங்கள் மேசையிலிருந்து ஒரு வரிகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை. எழுதாதே என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லும் தேவை ஏற்படவில்லை என்பதுதான் உண்மை.


லீக் ஸ்கோரர்:

பழைய துணையாசிரியர் அவர்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. விடுபட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

வார இறுதிகளில் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தால், செய்தியைப் படிக்கும் முன் ஸ்கோர்கார்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் 'விக்கெட் வீழ்ச்சி' வரியைத்தான் முதலில் பார்ப்பேன். கேப்டவுன் ஆட்டத்தில் அந்த வரி 5-153, 6-153, 7-153, 8-153, 9-153, 10-153 என்று போகிறது. எந்தத் துணையாசிரியரும் அடியிலிருந்து வெட்டி அதை மறைக்க முடியாது.

அடுத்து, கட்டுரையில் 'கடைசி ஒன்பது இன்னிங்ஸில்' என்பதுபோல ஒரு வினோதமான எண் வந்தால், உடனே பத்தாவது இன்னிங்ஸைத் தேடுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு சதம் உட்கார்ந்திருக்கும். வீரரைக் கீழே இறக்க நினைப்பவர் சதத்துக்கு அடுத்த ஆட்டத்திலிருந்து எண்ணத் தொடங்குவார், தூக்கி நிறுத்த நினைப்பவர் அந்தச் சதத்திலிருந்தே எண்ணுவார். இரண்டு கணக்குமே சரிதான்.

நம் அஸ்வினையே எடுத்துக்கொள்வோம். உள்ளூரில்தான் எடுபடுவார் என்று அவரைப் பற்றி எத்தனை முறை எழுதினார்கள்! அவர் எடுத்த 537 டெஸ்ட் விக்கெட்டுகளில் 383 இந்தியாவில் எடுத்தவை. ஏறத்தாழ 71 விழுக்காடு. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் எடுத்த 704இல் 438 இங்கிலாந்தில். ஏறத்தாழ 62 விழுக்காடு. ஆண்டர்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டாவது வரியிலேயே இதைச் சொல்லிக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனால், நான் சென்னைக்காரன் என்பதற்காக இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நானும் அதே தவற்றைத்தான் செய்கிறேன். இரண்டுக்கும் இடையே ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் இடைவெளி இருப்பது உண்மை. இந்தியாவில் ஆடிய 65 டெஸ்டுகளில் ஆட்டத்துக்கு ஆறு விக்கெட்டை நெருங்கியவர், வெளிநாட்டில் நான்கைக்கூட எட்டவில்லை என்பதும் உண்மை. 2021இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நடந்த நான்கு டெஸ்டுகளிலும் அவரை வெளியே உட்கார வைத்தார்கள், 2023இல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் இறுதியிலும் சேர்க்கவில்லை என்பதும் உண்மைதான். இவை எல்லாவற்றையும் ஒன்றாக எழுத நான்கு வரி போதும். 'உள்ளூர்ப் புலி' என்று எழுத இரண்டே சொல்.

2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு டெஸ்டுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முதல் ஆட்டத்தில் ஜோ ரூட் 218 அடித்து இங்கிலாந்து 227 ரன்னில் வென்றது. இரண்டாவதை இந்தியா 317 ரன்னில் வென்றதும், இங்கிலாந்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் வான் போன்றவர்கள் ஆடுகளத்தின் மேல் பாய்ந்தார்கள். அதே களத்தில் எட்டாவதாக இறங்கிய அஸ்வின் 106 ரன் எடுத்ததை நாம் பதிலாகச் சொன்னோம். முதல் ஆட்டத்தில் டாஸ் வென்றது இங்கிலாந்து, இரண்டாவதில் இந்தியா. இரு தரப்பிலும் அதை அழுத்திச் சொன்னவர்கள் சிலர்தான்.


டி ஸ்டாண்டு:

எழுதுகிறவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகப் படவில்லை. நாமும் விடவேண்டியதை விட்டுத்தான் சொல்கிறோம்.

1999 ஜனவரியில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றதையும், சேப்பாக்கமே எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கை தட்டியதையும் நானும் அங்கிருந்து பார்த்தேன். சிலிர்ப்பான நிமிடம்தான். அதே மைதானத்தில், வேறு ஆட்டங்களில், எல்லைக்கோட்டருகே நின்ற வெளிநாட்டு வீரரைப் பார்த்து என் வரிசைக்காரர்கள் பேசிய பேச்சையும் கேட்டிருக்கிறேன். 'விவரமறிந்த சென்னை ரசிகர்கள்' என்று ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் யாராவது எழுதுகிறார்கள். இதையும் சேர்த்து எழுதினால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம் போடுகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

1986இல் இங்கே ஆஸ்திரேலியாவுடன் சமனில் முடிந்த டெஸ்டும் அப்படியே. கடைசியில் மணீந்தர் சிங்குக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார் நடுவர் விக்ரம்ராஜு. பந்து மட்டையில் பட்டது என்று அன்று மாலையே திருவல்லிக்கேணி முழுவதும் தீர்ப்பாகிவிட்டது. வாலாஜா சாலைப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டை தெரிந்ததா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் நின்று எழுதியவர்களும் உண்டு. இந்தியாவுடன் நடந்த 2008 சிட்னி டெஸ்டுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் பாண்டிங்கைத் தலைமையிலிருந்து நீக்கவேண்டும் என்று சிட்னித் தாளிலேயே எழுதினார் பீட்டர் ரோபக். அதை இங்கே நாம் கொண்டாடினோம். நம் தலைவரைப் பற்றி நம் தாளில் ஒருவர் அப்படி எழுதியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.


பாரதி சாலை வாசகர்:

மூவருக்கும் நன்றி. ஸ்கோரர் ஐயா சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன். அந்த உள்ளங்கையளவுச் செய்தியைச் சுற்றி நோட்டில் நிறைய இடம் காலியாக இருக்கிறது. அதில் ஜூன் 28 ஆட்டத்தின் முழு ஸ்கோர்கார்டையும் இணையத்தில் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது இன்னிங்ஸில் தென்னாப்பிரிக்காவின் லாரா வூல்வார்ட்டும் சுனே லூஸும் சதம் அடித்துப் போராடியதை நான் படிக்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. நானும் 525ஓடு நின்றுவிட்டிருக்கிறேன். முறையான ஸ்கோர் புத்தகம் எங்கே கிடைக்கும்?


லீக் ஸ்கோரர்:

வாலாஜா சாலையில் விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பந்துவீச்சுக்குத் தனிப் பக்கம் உள்ளதாக வாங்குங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொடுங்கள்; லெக்பை எது, ரன் எது என்பதில் முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் கை தவறும்.