போனை எடுக்கவே வரமாட்டேன் என்கிறது, ஐபோனுக்கு மாறிவிடலாமா?

கம்பம் ஜீப்காரன்:
கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிறவன் நான். விடியுமுன்னே "அண்ணே, இன்னைக்கு நான் வரலை", "ரெண்டு ஆள் கூடுதலா வேணும்" என்று போன் வந்துகொண்டே இருக்கும். பிழைப்பே அதில்தான்.

ஒருநாள் காலையில் பார்த்தால் போன் எடுக்கிற திரையே வேறு மாதிரி நிற்கிறது. நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக. இத்தனை வருஷமும் மேலே இழுத்தால் எடுக்கும், கீழே இழுத்தால் கட். இப்போது வலப்பக்கம் இழுத்தால்தான் எடுக்கிறது, இடப்பக்கம் இழுத்தால் கட். மலையில் சாரல் பட்ட ஈரக்கையோடு பழைய ஞாபகத்தில் இழுக்கிறேன், விரல் கொஞ்சம் சாய்ந்தால் போச்சு. எஸ்டேட் சூப்பர்வைசரின் போனை ஒரே வாரத்தில் இரண்டு தடவை கட் செய்துவிட்டேன். அவர் மலையாளத்தில் கேட்டதை இங்கே எழுத முடியாது. பெயர்ப் பட்டியலும் ஏதோ ஓரத்து மெனுவுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மச்சான் ஐபோன் வைத்திருக்கிறான். "இதுல இந்தத் தொல்லையே இல்லை, மாறிடு மாப்ள" என்கிறான். மாறலாமா? என்னிடம் இரண்டு சிம் உண்டு. ஒன்று ஊருக்கு, ஒன்று மேலே கேரளப் பக்கம் எடுப்பதற்கு.

குமுளி ரிப்பேர் கடை:
அண்ணே, உங்கள் போனில் கோளாறு இல்லை. போனோடு வந்த கூகுளின் கால் ஆப் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தப் புது வடிவம் நிறையப் பேருக்கு ஒரே சமயத்தில் வந்தது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் "போன்ல வைரஸ்" என்றுதான் நீட்டினார்கள்.

அந்த ஆப்பைத் திறந்து செட்டிங்ஸ் போங்கள். 'இன்கமிங் கால் ஜெஸ்சர்' என்று இருக்கும். அதில் 'சிங்கிள் டேப்' வைத்தால் இழுக்கவே வேண்டாம், பட்டனைத் தொட்டால் போதும்.

உத்தமபாளையம் அக்கா:
தம்பி, மச்சான் பேச்சைக் கேட்டு ஐம்பதாயிரத்துக்கு மேல் கொட்டுவதற்கு முன்னால் அவர் போனைப் பூட்டி வைத்துவிட்டு நீங்களே ஒரு கால் அடித்துப் பாருங்கள். பூட்டியிருக்கிற ஐபோனில் எடுப்பதற்கு வலப்பக்கம்தான் இழுக்க வேண்டும்! கட் செய்யத் திரையில் பட்டனே வராது, பக்கவாட்டுப் பட்டனை இரண்டு முறை அமுக்க வேண்டும். ஒரு முறை அமுக்கினால் மணிச்சத்தம் மட்டும் நிற்கும். எதற்குப் பயந்து ஓடுகிறீர்களோ அதுவே அங்கே வாசலில் நிற்கிறது.

நான் மாறி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கீழே இருந்த 'பின்னே' பட்டனைத் தேடி ஒரு மாதம் தவித்தேன்.

குமுளி ரிப்பேர் கடை:
அக்கா சொல்வது சரி. சிம் விஷயமும் பாருங்கள். இங்கே விற்கிற பெரும்பாலான ஐபோனில் ஒரு சிம்தான் உள்ளே போகும், இன்னொன்றை இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்மாக, மாற்ற வேண்டும். அப்புறம் ஆள்களின் வாட்ஸ்அப் பேச்செல்லாம் வேண்டும் என்றால், புது ஐபோனை முதன்முதல் அமைக்கும்போதே 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாகக் கொண்டுபோக வேண்டும். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் போனை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் திரும்பச் செய்ய முடியும்.

கம்பம் ஜீப்காரன்:
மச்சான் போனில் அடித்துப் பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரியேதான். அவனே பேந்தப் பேந்த விழிக்கிறான்.

சிங்கிள் டேப் வைத்தேன். ஒருநாள் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போதே விரல் பட்டுக் கட்டாகிவிட்டது. அதே சூப்பர்வைசர்! பழையதையே திரும்பக் கொண்டுவர வழி உண்டா?

குமுளி ரிப்பேர் கடை:
உண்டு. ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போய், மேலே மூன்று புள்ளியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுங்கள். உடனே பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் ஆட்டோ அப்டேட் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரவோடு இரவாகத் திரும்ப வந்துவிடும். அப்டேட்டை நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது, அதனால் நிரந்தரமாக இப்படியே விடச் சொல்லமாட்டேன்.

கம்பம் ஜீப்காரன்:
வந்துவிட்டது தம்பி, மேலே இழுத்தால் எடுக்கிறது. இந்த ஏல சீசன் முடிகிற வரை இப்படியே ஓடட்டும். குமுளி வரும்போது கடைக்கு வருகிறேன்.