போலிங் செய்த லித்தியம் நியோபேட் அலைநடத்தியில் ஒரு உச்சத்துக்குப் பதில் மூன்று: கோளாறு போலிங்கிலா, படலத் தடிமனிலா?

கேள்வி – படிகம்

வணக்கம். எக்ஸ்-கட் (படிகத்தின் x அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிய) மெல்படல லித்தியம் நியோபேட்டில் 1550 நா.மீ. பம்பிலிருந்து (உள்ளே செலுத்தும் லேசர் ஒளி) 775 நா.மீ. இரண்டாம் ஹார்மோனிக் (இருமடங்கு அதிர்வெண் ஒளி) எடுக்கிறேன். படலம் 600 நா.மீ., அலைநடத்தியின் மேல் அகலம் 1.4 மைக்ரான், எட்ச் ஆழம் 350 நா.மீ., போலிங் (மின்புலத்தால் படிகத்தின் முனைவைப் பட்டை பட்டையாகத் திருப்புவது) கீற்றணியின் பீரியட் 4.2 மைக்ரான், நீளம் 5 மி.மீ. கணக்குப்படி 2500 %/வாட்/செ.மீ.² வரவேண்டும். அதாவது சிப்புக்குள் 5 மில்லிவாட் போனால் சுமார் 156 மைக்ரோவாட். கிடைப்பது 27 மைக்ரோவாட்தான். உச்சமும் ஒன்றாக இல்லை. 1546-க்கும் 1557-க்கும் இடையில் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சிப்பைச் சூடாக்கினால் மூன்றும் சேர்ந்தே நகர்கின்றன. எங்கிருந்து தேடுவது?

பதில் – ஒளிவழி

முதலில் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள். பம்ப் TE-யில் (மின்புலம் சிப்பின் தளத்துக்கு இணையாக) இருக்கிறதா? எக்ஸ்-கட்டில் d33 (படிகத்தின் மிகப் பெரிய நேரிலாக் கெழு) கிடைப்பது அந்த முனைவாக்கத்தில்தான். 775-ஐ சிலிக்கான் டிடெக்டரில் அளக்கிறீர்களா? அது 1550-ஐப் பார்க்காது என்பதால் பம்பின் கசிவு கணக்கில் கலக்காது. முக்கியமாக, 775-க்கான முனை இழப்பைத் (சிப்பின் முனையில் வீணாகும் ஒளியை) தனியாக அளந்தீர்களா? 1550-இல் அளந்த இழப்பையே இரண்டுக்கும் போடுவது பரவலான பழக்கம். அதில் பல டெசிபெல் தவறலாம்.

அடுத்து, லேசரை அலைநீளம் ஏறும் திசையிலும் இறங்கும் திசையிலும் ஓட்டுங்கள். இரண்டு வரைபடமும் ஒத்துப்போகாவிட்டால் ஒளிமின் விலகல் விளைவு (photorefractive, ஒளியே படிகத்தின் விலகல் எண்ணை மாற்றுவது) குறுக்கிடுகிறது. பம்பைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

படிகம்

TE-தான், சிலிக்கான் டிடெக்டர்தான். 780 நா.மீ. லேசரை வைத்து முனை இழப்பைத் தனியே அளந்தே திருத்தியிருக்கிறேன். இரு திசையிலும் ஒரே வரைபடம். பம்பைக் கூட்டினால் வெளியீடு இருமடி (வர்க்க) விதிப்படியே ஏறுகிறது.

பதில் – வேகக்குறைப்பு

நீளத்தை 10 மி.மீ. ஆக்கிப் பார்க்கலாமே? திறன் நீளத்தின் இருமடியாக ஏறுமே.

பதில் – டொமைன்

இப்போதைக்கு வேண்டாம். அந்த இருமடி ஏற்றம் கடைசி வரை கட்டம் (phase) பிசகாத கீற்றணிக்கு மட்டுமே. பிசகிய கீற்றணியை நீட்டினால் உச்சங்கள்தான் பெருகும்.

உங்கள் வரைபடத்திலேயே விடை இருக்கிறது. உச்சத்தின் உயரத்தை விட்டுவிட்டு, வளைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பைப் பாருங்கள். தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் கட்டம்தான் கெடும். அப்போது ஆற்றல் அக்கம்பக்க அலைநீளங்களுக்குப் பரவும், பரப்பு குறையாது (பார்செவல் தேற்றம்தான்: ஃபூரியே மாற்றத்தில் மொத்த ஆற்றல் மாறாது). போலிங் சரியில்லை என்றால் பரப்பே சுருங்கும். இரண்டு கோளாறையும் பிரித்துக்காட்ட இதைவிட மலிவான சோதனை கிடையாது.

உச்சத்தின் பாதியுயர அகலம் 0.443·λ²/(Δng·L); λ பம்பின் அலைநீளம், L கீற்றணியின் நீளம். 775-க்கும் 1550-க்கும் குழுக்குறியீட்டு (ஒளித்துடிப்பின் வேகத்தைக் குறிக்கும் எண்) வித்தியாசம் Δng 0.13 என்றால் 5 மி.மீ.-க்கு 1.6 நா.மீ. அகலம் வரும். உங்கள் லட்சிய உச்சம் 625 %/வாட். அதை அகலத்தால் பெருக்கி, sinc² வடிவத்துக்காக 0.886-ஆல் வகுத்தால் பரப்பு ஏறக்குறைய 1150 %·நா.மீ./வாட். அளந்த வளைகோட்டைத் தொகையிட்டுச் சொல்லுங்கள்.

படிகம்

Δng எனக்கும் 0.13-தான் வருகிறது. பரப்பு சுமார் 700. அதே தொகுப்பில் போலிங் மட்டும் செய்த துண்டை இரண்டாம் ஹார்மோனிக் நுண்ணோக்கியில் பார்த்தேன். திரும்பிய டொமைன்கள் (முனைவு திரும்பிய பட்டைகள்) பீரியடில் சுமார் 70 சதவீதத்தை அடைத்திருக்கின்றன.

பதில் – டொமைன்

அப்படியானால் இரண்டு கோளாறும் இருக்கின்றன. திறன் sin²(πD)-ஐப் பொறுத்தது (D என்பது பீரியடில் திரும்பிய டொமைனின் பங்கு); D = 0.7 என்றால் 0.65. உங்கள் பரப்பு விகிதம் 0.6. மிச்சத்துக்குப் பரவல் இழப்போ, ஆழம் முழுக்கத் திரும்பாத டொமைன்களோ காரணமாகலாம். நுண்ணோக்கியில் திரும்பிய பட்டையும் திரும்பாத பட்டையும் ஒரே பிரகாசமாக இருந்து, சுவர் மட்டும் கருப்பாகத் தெரிந்தால் ஆழம் சரி.

ஆனால் பரப்பு சுருங்கியது 1.7 மடங்குதான். மொத்தச் சரிவு 5.8 மடங்கு, மீதி மூன்றரை மடங்கு தடிமன் மாறுபாட்டால். மோட் சால்வரில் (அலைநடத்தியைக் கணக்கிடும் மென்பொருள்) தடிமனை ஒரு நா.மீ. கூட்டிக் குறைத்து ஓட்டிப் பாருங்கள், கட்டப் பொருத்த அலைநீளம் (உச்சம் வரும் இடம்) சில நா.மீ. தாண்டும். 11 நா.மீ. சிதறலுக்கு 5 மி.மீ. தூரத்தில் இரண்டு மூன்று நா.மீ. தடிமன் வித்தியாசமே போதும்.

படிகம்

நீளவாக்கில் துண்டு துண்டாக ஹீட்டர் வைத்துச் சரிசெய்ய முடியுமா?

பதில் – டொமைன்

இந்த அளவு சிதறலுக்கு முடியாது. ஒரு டிகிரிக்கு நகர்வதே நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒழுங்கில்தான். அருகருகே 100 டிகிரி வித்தியாசத்தைச் சிப்பில் நிறுத்த முடியாது. ஒன்றிரண்டு நா.மீ. மிச்சப் பிழைக்கு ஹீட்டர் நல்ல கருவி.

அடுத்த சுற்றில் எலக்ட்ரோடு போடும் முன்பே எலிப்சோமீட்டரில் தடிமன் வரைபடம் எடுங்கள். அலைநடத்தியைத் தடிமன் மாறுபாடு குறைவாக உள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். மிச்சத்தைப் பீரியடிலேயே ஈடுகட்டலாம். நகர்வு λ²/(2Λ²Δng) (Λ என்பது பீரியட்), உங்கள் வடிவத்துக்குப் பீரியடை 1 நா.மீ. மாற்றினால் அலைநீளம் சுமார் 0.5 நா.மீ. நகரும். அப்போது முழுச் சிதறலுக்கும் 20 நா.மீ. பீரியட் மாற்றம் போதும். எந்தத் திசையில் மாற்ற வேண்டும் என்பதைச் சால்வரிடம் கேளுங்கள்.

பதில் – ஒளிவழி

இதில் ஒரு கண்ணி உண்டு. வரைவு மென்பொருளின் கிரிட் 5 நா.மீ. என்றால் பீரியடை அதற்கு முழுமையாக்காதீர்கள். பிழை ஒவ்வொரு பீரியடிலும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போகும். கீற்றணியின் கட்டத்தைத் (phase) தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொரு எலக்ட்ரோடு விரலின் இடத்தையும் தனித்தனியாக முழுமையாக்குங்கள்.

டொமைன் அகலத்துக்கு விரலை பீரியடில் 30 சதவீதமாகக் குறையுங்கள். மின்னழுத்தத்தைக் குறைக்காமல் துடிப்பின் நேரத்தை மட்டும் சுருக்குங்கள். டொமைன் முளைவிட உயர் புலம் வேண்டும், பக்கவாட்டில் பரவுவதோ நேரத்தைப் பொறுத்தது. முதலில் சோதனைத் துண்டில் துடிப்பு நேரத்தை வரிசையாக மாற்றி, 50 சதவீதம் எங்கே வருகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நல்ல சிப்பைத் தொடுங்கள்.