கலாஞ்சோ மறுபடி பூக்கவே இல்லை

அஸ்தம்பட்டி: ஏற்காடு நர்சரியில் பூவோடு வாங்கிய கலாஞ்சோ என்ற பூச்செடி, சேலம் வீட்டு ஹாலில் இலை மட்டும் தளதளவென்று வளர்கிறது, போன தையில் பூத்ததோடு சரி, மொட்டே காணோம். உரம் போதவில்லையா?

ஏற்காடு: உரம் இல்லைங்க, இருட்டுதான் போதவில்லை. இரவு நீண்டால்தான் இது மொட்டு வைக்கும். ஹாலில் டியூப்லைட் எரிகிற வரை செடிக்குப் பகல்தான். ஐப்பசி வாக்கில் 6 வாரம், மாலை 5 முதல் காலை 7 வரை வெளிச்சமே படாத அறையில் வையுங்கள், பகலில் கிழக்கு ஜன்னல்.

சூரமங்கலம்: தண்ணீரையும் குறையுங்கள். மடகாஸ்கர் செடி, இலையிலேயே நீரைச் சேர்த்துக்கொள்ளும், மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அப்புறம் சித்திரையில் நம்ம ஊர் மேற்கு வெயில் இலையைப் பொசுக்கிவிடும், தள்ளி வையுங்கள்.

அஸ்தம்பட்டி: சரிங்க. வீட்டில் பூனை இருக்கிறது, பரவாயில்லையா?

ஏற்காடு: தின்றால் அதற்கு விஷம். எட்டாத உயரத்தில் வையுங்கள்.