எஃப்பிஎஸ் 140, ஆனாலும் சுவருக்குப் பின்னால் சாகிறேன்

கொக்குவில்_பொடியன்:
வணக்கம். மூன்று மாதமாக வலோரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறேன், சிங்கப்பூர் சேர்வர். எஃப்பிஎஸ் (கார்ட் செக்கனுக்கு வரையும் படங்கள்) 140க்குக் கீழே இறங்குவதில்லை. பகலில் பிரச்சினை இல்லை, பிங் (சேர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம்) 60 மில்லிசெக்கன் அளவில் நிற்கும். இரவு 8 மணிக்குப் பிறகு 250, 300 என்று துள்ளுகிறது. சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்த பிறகும் செத்து விழுகிறேன். டவுனில் ஒரு கடையில் கேட்டால் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவிடம் காசு கேட்க முதல் இங்கே கேட்போம் என்று வந்தேன். வீட்டில் 4ஜி ரவுட்டர்.

பழைய_நெற்கஃபே:
தம்பி, அப்பாவை விடுங்கள். 2010 இல் யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கம் எட்டு கொம்பியூட்டரோடு கடை வைத்திருந்தேன். எட்டும் ஒரே சுவிட்சில், கேபிளால் இணைத்தவை. கார்ட்கள் படுமோசம், கவுன்டர் ஸ்ட்ரைக் 30 எஃப்பிஎஸ்ஸில் விக்கி விக்கி ஓடும். ஆனால் பிங் 1 மில்லிசெக்கன்கூட வராது. அங்கே யாரும் சுவருக்குப் பின்னால் செத்ததில்லை. உங்கள் கதை அப்படியே தலைகீழ்.

140 எஃப்பிஎஸ் என்றால் உங்கள் கார்ட் ஒரு படத்தை ஏறக்குறைய 7 மில்லிசெக்கனில் வரைந்து முடிக்கிறது. அதை 4 ஆக்கினாலும் மிச்சம் 3 தான். பிங் 300 இல் அது எந்த மூலைக்கு?

நீங்கள் மறைந்த செய்தி சேர்வருக்குப் போய், அங்கிருந்து எதிராளிக்குப் போகும் வரைக்கும் அவன் திரையில் நீங்கள் வெளியேதான் நிற்கிறீர்கள். அவன் கண்ட இடத்தில் சுடுகிறான், சேர்வரும் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தகவல் திரும்பி வரும்போது நீங்கள் சுவருக்குப் பின்னால் சப்பாணி கட்டி இருக்கிறீர்கள்.

தூரத்துக்கு மருந்தில்லை. நாட்டின் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, மாத்தறைப் பக்கம். நம் பொதி (இணையத்தில் தகவல் போகும் சிறு துண்டு) முதலில் தெற்கே இறங்கி, பிறகுதான் கடல் தாண்டும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வரவே 27 மில்லிசெக்கன். கேபிள் நேராகவும் போவதில்லை, ஆகவே உங்கள் 60 நியாயமான கணக்கு. மிச்ச 240 எங்கே முளைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இரவில் கொமாண்ட் புரொம்ப்டை (விண்டோஸில் கட்டளை எழுதும் கறுப்புப் பெட்டி) திறந்து, முதலில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் அடியுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1). அதுவே துள்ளினால் வைஃபைதான் வில்லன். பழைய சுண்ணாம்புக்கல் வீடென்றால் சிக்னலைச் சுவரே தின்றுவிடும், கேபிள் போடுங்கள். ரவுட்டர் வரை 1, 2 என்று அமைதியாக இருந்தால் அதற்கு வெளியே சிக்கல். ஒன்று, மாலையில் ஊரே அதே 4ஜி கோபுரத்தில் தொங்குகிறது. அல்லது வீட்டில் யாரோ எதையோ ஏற்றுகிறார்கள். அப்லோட் வரிசை நிரம்பினால் உங்கள் சின்னப் பொதியும் அதன் பின்னால் கியூவில் நிற்கும்.

திருநெல்வேலி_கீபோர்ட்:
அண்ணை சொன்னது சரி. ஒன்று மட்டும்: உங்கள் மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ் என்றால் கார்ட் 140 வரைந்தாலும் செக்கனுக்கு 60 தரம்தான் திரை மாறும். காசு கையில் வந்தால் முதலில் மொனிட்டர். ஆனால் அதுவும் பிங்கைக் குறைக்காது.

கொக்குவில்_பொடியன்:
பார்த்தேன். ரவுட்டர் வரை 2க்கு மேல் ஏறவே இல்லை. கள்ளன் வீட்டுக்குள்தான். அக்கா தன் கல்யாண வீடியோவைக் கனடாவில் இருக்கிற சித்திக்கு அனுப்பவென்று ஒவ்வொரு இரவும் டிரைவில் ஏற்றுகிறாவாம், மொத்தம் 90 ஜிபி. நிறுத்தச் சொன்னவுடன் பிங் 70. இப்போது அக்கா என்னோடு கதைப்பதில்லை.

பழைய_நெற்கஃபே:
ரவுட்டர் செற்றிங்கில் அக்காவின் லப்டொப்புக்கு அப்லோட் எல்லை போட முடியுமா பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் படுத்த பிறகு ஏற்றச் சொல்லுங்கள். சொல்லும்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.